நாலு மணி நேரத் தூரத்தில் அக்கா

விமான நிலையத்தின் ஏழாம் கவுண்டரில் நிற்கிறவருக்கு ஜன்னலார் என்று பெயர் வைத்தவர்கள் பெட்டி ஏற்றுகிற ஆட்கள். யார் வந்து நின்றாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஜன்னலோர இருக்கையைப் போட்டுக் கொடுத்துவிடுவார். மேலதிகாரி ஒருமுறை கூப்பிட்டுக் கண்டித்தார்.

“ஜன்னல் சீட்டுக்கெல்லாம் இப்ப தனியா காசு வாங்கணும். நீங்க பாட்டுக்கு அள்ளிக் கொடுக்கறீங்களே.”

“வயசானவர் சார், பாவம்.”

“அந்தாளுக்கு முப்பது வயசுகூட இருக்காதுங்க.”

“பார்க்க வயசான மாதிரி இருந்துச்சு சார்.”

மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டு போனார். ஜன்னலாரிடம் கோபித்துக்கொள்வது தலையணையோடு சண்டை போடுவது மாதிரி. குத்தின இடம் மெல்ல எழும்பிப் பழையபடி ஆகிவிடும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் வேலை பார்த்தார். பெட்டியை எடை மேடையில் வை, கைப்பிடியில் அடையாளச் சீட்டைச் சுற்று, ஒட்டு, அனுப்பு, அடுத்தவரைக் கூப்பிடு. விரல் நுனியில் எப்போதும் அந்தச் சீட்டின் பசை இருக்கும். வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. “டம்ளரைக் கொடுத்தா திரும்பி வாங்க முடியல, ஒட்டிக்குது” என்று மனைவி கிண்டல் செய்வாள்.

பயணிகள் அவரிடம் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதிலும் காலை ஒன்பது நாற்பதுக்கு மேற்கே போகிற விமானம்தான் அவருக்குத் தினசரித் தலைவலி. அந்த ஊர்க் கடிகாரம் இங்கேயிருப்பதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். டிக்கெட்டில் பன்னிரண்டு இருபதுக்குச் சேரும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, இரண்டு மணி நாற்பது நிமிடம்தான் பயணம் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். நாலு மணி பத்து நிமிடம் என்று சொன்னால் முகம் மாறும். திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டி, “இதுல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகுதே, வரும்போது மெதுவா ஓட்டுவாங்களா?” என்று கேட்பார்கள். உண்மையில் வரும்போதுதான் காற்று பின்னாலிருந்து தள்ளும், மூன்று மணி நாற்பது நிமிடத்தில் வந்துவிடலாம். அதை விளக்கினால் வரிசை நீண்டுவிடும் என்பதால் ஜன்னலார் சுருக்கமாக முடிப்பார்.

“போகும்போது ஒன்றரை மணி நேரம் கடன் கொடுக்கறாங்க சார். வரும்போது வாங்கிக்கறாங்க.”

அந்த விமானம் போய் இறங்குகிற ஊரில்தான் அவருடைய அக்கா இருந்தாள்.

மூன்று வயது மூத்தவள். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குக் கிளம்பியபோது, தம்பி வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“எவ்ளோ தூரம்டா?”

“மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.”

“தூரத்தைச் சொல்லாத. நேரத்தைச் சொல்லு.”

“நாலு மணி நேரம்.”

“அவ்ளோதானா? பெரியம்மா வீட்டுக்கு பஸ்ல போனாலே நாலு மணி நேரம் ஆகுதே.”

அன்றைக்குப் பிடித்துக்கொண்டதை அவள் விடவே இல்லை. கடல் கடந்து போனவள் மாதிரி ஒருநாளும் பேசினதில்லை, பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறவள் மாதிரிதான் பேசுவாள். “என் தம்பி நாலு மணி நேரத் தூரத்துல இருக்கான், அதுவும் ஃப்ளைட் கம்பெனியிலயே இருக்கான், கூப்பிட்டா அடுத்த வேளைக்கு வந்து நிப்பான்” என்று அக்கம்பக்கத்தில் அளந்துவிடுவாள். போனில் தம்பியிடம் பேசும்போது மட்டும் சுருதி மாறும். “நீ என்ன பெரிய பைலட்டா? பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டறவன்தானே, ரொம்பப் பேசாத.” அவர் கோபித்துக்கொண்டு போனை வைப்பார். மறுநாள் அவளே கூப்பிடுவாள்.

இந்த இடத்தில் ஸ்டாஃப் டிக்கெட் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் குடும்பத்துக்கும் பயணம் இலவசம். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் இடம் இருந்தால்தான். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, காலியாகக் கிடக்கிற இருக்கைக்குக் கடைசி நேரத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அதற்கென்று ஒரு ஒழுக்கம் உண்டு. எங்கேயும் எழுதியிருக்காது, ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழகிவிடும். தேய்த்த சட்டை போட்டு வர வேண்டும். கவுண்டர் பக்கம் போய் நின்று முகத்தைக் காட்டக் கூடாது, ஓரமாக உட்கார வேண்டும். என்ன விஷயமாகப் போகிறோம் என்று சொல்லக் கூடாது, காத்திருக்கிற எல்லாருக்கும்தான் ஒரு விஷயம் இருக்கும். இடம் இல்லை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும்.

ஜன்னலார் குடும்பத்துக்கு இது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. கல்யாணமான புதிதில் மலைப்பக்கம் ஒரு ஊருக்குப் போகக் கிளம்பினார்கள். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மனைவியை ஏற்றி அனுப்பிவிட்டு அவர் மறுநாள் போனார். புது மாப்பிள்ளை இல்லாமல் தனியாக வந்து இறங்கின பெண்ணை ஓட்டல்காரர் ஏற இறங்கப் பார்த்த கதையை அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். நிறையப் பேர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்பார்களே, அந்த மாதிரி அந்த வீட்டில் “லோடு எப்படி?” என்று கேட்டுக்கொள்வார்கள். விமானம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதுதான் லோடு. அதைப் பார்த்துத்தான் அவர்கள் எங்கேயும் கிளம்புவார்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கின வாரத்தில் அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டார். அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தேறிவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. டாக்டர் கையை விரிச்சிட்டார். ரெண்டு நாளோ மூணு நாளோங்கறார். பேச்சு நல்லா இருக்கு. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. வந்துடு.”

“நாளைக்கு மத்தியானம் அங்க இருப்பேன் மாமா” என்றார் ஜன்னலார்.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அவருடைய நீலச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய்விட்டார். விடுமுறைக் கூட்டம் அலைமோதியது. ஏழாம் கவுண்டரில் அன்று நின்றிருந்த பெண் கணினியைப் பார்த்து, “ரெண்டு சீட்டு ஓப்பனா இருக்கு சார். ஸ்டாஃப்ல நீங்கதான் முதல்” என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தூணோரம் போய் உட்கார்ந்தார். மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பயமும் இல்லை, துக்கமும் இல்லை. குளிரில் விரல்கள் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, உள்ளுக்குள் அப்படி இருந்தது.

அப்போது ஒரு கணவனும் மனைவியும் அரக்கப்பரக்க ஓடி வந்தார்கள். நேற்றைய விமானத்தைத் தவறவிட்டவர்கள். தேய்த்த சட்டையும் பொறுமையான முகமுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அந்த ஆள் அவரிடம்தான் வந்தார்.

“சார், இன்னைக்கு ஃப்ளைட்ல இடம் இருக்குமா? யாரைக் கேக்கணும்?”

“அதோ அந்தக் கண்ணாடி ரூம்ல கேளுங்க சார். ரெண்டு சீட்டு இருக்கு. சீக்கிரம் போங்க, மூடிடுவாங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த அம்மாவின் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று சுற்றாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதைத் தாமே தள்ளிக்கொண்டு கண்ணாடி அறை வாசல் வரைக்கும் விட்டார். உள்ளே டிக்கெட் விற்கிறவள் அவரோடு பதினோரு வருடமாக மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவள். அந்தத் தம்பதியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அண்ணே, அக்காவைப் பார்க்கப் போறேன்னீங்களே, இடம் இருக்கா?” என்று கேட்டாள்.

“பார்க்கணும்” என்றார்.

அவள் அனுதாபமாகத் தலையை ஆட்டினாள். இரண்டு டிக்கெட்டையும் அச்செடுத்து அவர்களிடம் கொடுத்தாள். விமானம் நிறைந்துவிட்டது. ஜன்னலார் ஏழாம் கவுண்டர் பெண்ணிடம் போய், அந்த அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்ததா என்று விசாரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மதியம் அக்காவிடம் போனில் பேசினார். மூச்சு வாங்கினாலும் குரலில் பழைய கிண்டல் இருந்தது.

“என்னடா, பெரியம்மா வீட்டு பஸ் ஃபுல்லா?”

“நாளைக்கு வந்துடுவேன்க்கா.”

“வா. நேர்ல திட்டறதுக்கு நிறைய பாக்கி இருக்கு.”

இரண்டாம் நாள் அவருக்கு இடம் கிடைத்தது. கடைசிக்கு முந்தின வரிசை, நடு இருக்கை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கையை மடியில் வைத்து உட்கார்ந்தார். கதவு மூட வேண்டிய நேரம் தாண்டியும் மூடவில்லை. சூப்பர்வைசர் உள்ளே வந்து குனிந்து ரகசியமாகப் பேசினார்.

“எதிர்க்காத்து ஜாஸ்தியாம். இன்னைக்கு நாலே முக்கால் மணி நேரம் பறக்கணும்னு கணக்கு வந்திருக்கு. எண்ணெய் கூடுதலா போட்டதுல எடை இடிக்குது. நாலு பேரை இறக்கணும், ஸ்டாஃப் எல்லாரும்…”

அவர் முடிப்பதற்குள் ஜன்னலார் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். எதற்காகப் போகிறார் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனிதர் வேறு யாரையாவது பார்த்திருக்கலாம், கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஜன்னலார் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல சார், நீங்க தாராளமா காலை நீட்டிக்கலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

“இறக்கிட்டாங்களா?” என்றாள் மனைவி, கதவைத் திறந்துகொண்டே.

“இறக்கிட்டாங்க.”

“நாளைக்கு லோடு எப்படி?”

“அஞ்சாறு இடம் இருக்கு.”

“அப்ப கிடைச்சிடும்” என்று சொல்லி அவருக்குச் சாப்பாடு போட்டாள். அன்று மாலை போன் செய்தபோது அக்கா தூங்குகிறாள் என்று சொன்னார்கள். எழுப்ப வேண்டாம், காலையில் வந்துவிடுகிறேன் என்றார்.

மூன்றாம் நாள் ஏறிவிட்டார். உட்கார்ந்ததும் அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“ஏறிட்டேன் மாமா. அக்கா எப்படி இருக்கா?”

“ஏறிட்டியா? சரி. நீ வா மாப்ள.”

எதிரே இருந்த சின்னத் திரையில் வரைபடம் ஓடியது. கடலுக்கு மேலே வெள்ளை விமானம் ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்தது. போக வேண்டிய தூரம் ஒரு மூலையில் குறைந்துகொண்டே வந்தது. ஜன்னலார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திட்டினால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துவைத்தார். காற்றைச் சொல்லலாம், விடுமுறைக் கூட்டத்தைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் விடமாட்டாள் என்று தோன்றியது. கொண்டுவந்த சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டார். ருசி தெரியவில்லை, ஆனாலும் மீதம் வைக்கவில்லை. நாலு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனபோது சக்கரம் தரையைத் தொட்டது.

வெளியே அக்கா வீட்டுக்காரரும் அக்கா மகளும் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தவர், அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“விடியக்காலைல மாப்ள” என்றார் அக்கா வீட்டுக்காரர். “நீ போன் பண்ணினப்பவே முடிஞ்சிருந்துச்சு. நாலு மணி நேரம் ஒத்தையா உக்காந்து வரணுமேன்னுதான் சொல்லல.”

“ம்” என்றார் ஜன்னலார். பிறகு, “பெட்டி ஒண்ணும் போடல மாமா. இதான் பை. போலாம்” என்றார்.

வீட்டில் அக்கா கூடத்தில் கிடந்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. யாரோ நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தார். யாரோ காபி கொடுத்தார்கள், குடித்தார். எல்லாரும் அழுதார்கள். தனக்கும் வரும் என்று அவர் காத்திருந்தார், வரவில்லை. மறுநாள் காலை எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, கூடம் வெறுமையான பிறகும் வரவில்லை.

அன்று மதியம் சமையலறையில் அக்கா மகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறவள், எதையும் அமைதியாகச் செய்கிறவள். ஜன்னலார் பக்கத்தில் நின்று துண்டால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளும்மா.”

“காசு கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கியிருந்தா மொத நாளே வந்திருக்கலாம் இல்ல?”

ஜன்னலார் கையிலிருந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

“கையில காசு இல்லன்னா அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா. அவர் உடனே போட்டுவிட்டிருப்பாரே.”

“காசு இருந்துச்சும்மா.”

“அப்புறம்?”

“தோணல.”

இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் குழாயை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் தேடித்தான் பார்த்தார். சொல்ல வேறு ஒன்றும் அகப்படவில்லை. அவருக்குத் தோன்றவில்லை, மனைவிக்குத் தோன்றவில்லை, அங்கே கண்ணாடி அறையில் டிக்கெட் விற்றே பிழைக்கிறவளுக்குத் தோன்றவில்லை. டிக்கெட் என்பது மற்றவர்கள் வாங்குவது. அவ்வளவு வருடமாக அவ்வளவு பேர் வாங்கினதைப் பார்த்துக்கொண்டே நின்ற மனிதருக்கு, தானும் ஒரு ஆள்தான் என்கிற நினைப்பு வரவே இல்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

“தோணவே இல்லம்மா” என்று மறுபடியும் சொன்னார்.

குழாயைத் திறந்து மிச்ச டம்ளர்களைக் கழுவினாள். கழுவக் கழுவ அவர் வாங்கி வாங்கித் துடைத்தார்.

அதற்கு மறுநாள் ஊர் திரும்பக் கிளம்பினார். விமான நிலையம் வரைக்கும் அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டார். எல்லாரும் இந்த ஊருக்கு வருகிற வாரம் அது, திரும்பிப் போக ஆளில்லை. ஜன்னலார் ஸ்டாஃப் வரிசைப் பக்கம் போகவில்லை. டிக்கெட் விற்கிற இடத்தில் போய் நின்றார். அங்கே இருந்த பெண் அவர் கொடுத்த அடையாள அட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

“சார், நீங்க நம்ம ஸ்டாஃபாச்சே. நேரா கவுண்டருக்குப் போங்க. ஃப்ளைட் பாதிக்கு மேல காலி. படுத்துக்கிட்டே போகலாம்.”

“டிக்கெட் ஒண்ணு வேணும்மா.”

“அதான் சார், உங்களுக்கு ஃப்ரீயாவே…”

“தெரியும். காசு கொடுத்து ஒண்ணு வேணும்.”

விளையாடுகிறாரோ என்று அவள் அவரை உற்றுப் பார்த்தாள். கசங்கின நீலச் சட்டை. பல நாளாகத் தூங்காத கண். விளையாடுகிற ஆளாகத் தெரியவில்லை. மேசை மேல் பணம் எடுத்து வைத்திருந்தார்.

“நான் வாங்கலாம் இல்லம்மா?” என்று கேட்டார். “அப்படி ஒண்ணும் தடை இல்லையே?”

“தடையா? எதுக்கு சார் தடை?” என்றாள் அந்தப் பெண். “யார் வேணாலும் வாங்கலாம்.”

அவர் தலையாட்டினார். அவள் டிக்கெட்டை அச்செடுத்து நீட்டியபோது அவரால் கண்ணைத் திறந்து அதைப் பார்க்க முடியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். அந்தக் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, பேர் தெரியாத ஒரு பெண் முன்னால், ஜன்னலார் வாய்விட்டு அழுதார்.